எந்த வருஷத்து ஓடுதளம்?

எக்ஸ்-ப்ளேன் என்கிற விமான சிமுலேட்டர் பூமியைச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு பாகை அட்சரேகை, ஒரு பாகை தீர்க்கரேகை. சதுரத்துக்கு ஒரு ஃபைல். அதன் தென்மேற்கு மூலையின் எண்கள்தான் ஃபைலுக்குப் பெயர். நான் பிறந்து வளர்ந்த காரைக்கால் இருப்பது +10+079 என்ற ஃபைலில். கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் எல்லாமே இதற்குள்தான். தரங்கம்பாடி மட்டும் மயிரிழையில் மேல் சதுரத்துக்குப் போய்விட்டது.

1739-இல் தஞ்சாவூர் அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் காரைக்கால். 1954 வரை சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் பிரெஞ்சுக் கொடி. இன்றும் பத்து நிமிஷம் பைக் ஓட்டினால் மாநில எல்லை வந்துவிடும். பெட்ரோல் விலை மாறும், சாராயக் கடைகளின் எண்ணிக்கை மாறும். சிமுலேட்டருக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வயல், வாய்க்கால், கடல். அப்புறம் சதுரத்தின் மேற்கு ஓரத்தில், புதுக்கோட்டைச் சாலையில், தஞ்சாவூர் விமானத்தளம். காரைக்காலுக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சை நான் இன்ஜினியரிங் படித்த காலத்திலிருந்து கேட்கிறேன். இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். எனவே வீட்டின் மேல் பறக்க ஆசைப்பட்டால் தஞ்சாவூரில் கிளம்பி, கிழக்கே எண்பது கிலோமீட்டர் சொச்சம் வரவேண்டும்.

லாக்டவுன் மாதங்களில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பகலில் ஒரு வங்கி மென்பொருளின் பிழைகளைத் திருத்துவேன். ராத்திரி தஞ்சாவூரிலிருந்து காரைக்கால். சில வாரங்களில் சலித்தது. சிமுலேட்டர் ஆட்கள் சலிப்புக்குச் செய்யும் வைத்தியம் ஒன்று இருக்கிறது: புது ஸீனரி இறக்குவது. அதாவது யாரோ ஒருவர் தன் ஊர் விமான நிலையத்தைக் கட்டடம் கட்டடமாக, மரம் மரமாகச் செய்து பொதுவில் வைத்திருப்பார். அதை நம் கணினியில் சேர்த்துக்கொண்டால் நமது உலகத்தில் அந்த இடம் மட்டும் துலங்கும். நான் முதலில் இறக்கியது இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு போர்க்கால விமானத்தளம், 1940-இல் இருந்தபடி.

இந்த உலகத்தில் ‘நிறுவுவது’ என்றால் ரொம்ப எளிய வேலை. ஜிப் ஃபைலைப் பிரித்து, ‘கஸ்டம் ஸீனரி’ என்ற ஃபோல்டருக்குள் போட்டால் முடிந்தது என்பார்கள். முதல் ராத்திரி யாருக்கும் முடிந்ததில்லை. ஜிப்பைப் பிரிக்கும்போது ஒரே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘எர்த் நாவ் டேட்டா’ என்ற உள்ஃபோல்டர் ஒரு படி ஆழத்தில் மாட்டிக்கொண்டதால் சிமுலேட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. அதைச் சரிசெய்தால் அடுத்தது: ஸீனரி செய்தவர் வேறொரு பொது லைப்ரரியிலிருந்து மரம், வேலி, டிரம் எல்லாம் கடன் வாங்கியிருப்பார். அந்த லைப்ரரி நம்மிடம் இருக்காது. அதையும் இறக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ‘ஸீனரி பேக்ஸ்’ என்று ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம். நிறுவிய ஒவ்வொரு ஸீனரிக்கும் அதில் ஒரு வரி. ஒரே இடத்துக்கு இரண்டு ஸீனரி போட்டி போட்டால் மேலே இருக்கும் வரிதான் ஜெயிக்கும். கீழே இருப்பது அழியாது, கணினியில்தான் இருக்கும், ஆனால் கண்ணில் படாது. வரியை மேலே நகர்த்தி, சிமுலேட்டரை மூடித் திறந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு இங்கிலாந்தில் புல் முளைத்தது.

அந்தத் தளத்தின் நுணுக்கம் என்னை அசரடித்தது. காவலர் குடில், எரிபொருள் லாரி, விமானிகள் கூப்பிடும் வரை சாய்ந்து கிடக்கும் கித்தான் நாற்காலிகள் வரை இருந்தன. இது எப்படிச் சாத்தியம் என்று தேடிப்போனபோது புரிந்தது: பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்க்வாட்ரனும் தினசரி நடவடிக்கைப் பதிவேடு எழுதியிருக்கிறது. யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், அல்லது இறங்கவில்லை. இவை லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போதாததற்கு வான்படங்கள், விமானிகளின் நினைவுக் குறிப்புகள், உள்ளூர் அருங்காட்சியகங்கள். எண்பது வருஷம் கழித்தும் ஒரு நாற்காலியை அதன் இடத்தில் வைக்கிற அளவுக்குக் காகிதம்.

சரி, நம்ம ஊர் ஓடுதளங்களுக்கு இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

அவை எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். வங்காள விரிகுடா திடீரென்று போர்முனை ஆனது. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. ஏப்ரல் 4-ஆம் தேதி, இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கேட்டலினா கடல்விமானம் ஒன்று அவற்றைக் கண்டு செய்தி அனுப்பியது. உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதை ஓட்டிய கனடாக்காரர் லெனார்ட் பிர்ச்சல் போர் முடியும் வரை ஜப்பானில் கைதி. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் பீதி. அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் அம்மாச்சிக்கு அப்போது ஏழெட்டு வயது. “பட்டணத்துலேருந்து சனம் வந்து எறங்கிச்சு. வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க. எங்க சித்தப்பா வீட்ல திண்ணையில கூட எடமில்ல” என்பார். போர் என்றால் அவருக்கு அதுதான். விமானத்தைப் பற்றிக் கேட்டால், “சத்தம் கேட்டிச்சு. பாத்ததில்ல” என்று முடித்துவிடுவார்.

அந்த வருஷமே இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்கள் கட்டும் திட்டம் போடப்பட்டது. தமிழ்நாட்டின் பழைய ஓடுதளங்களில் பெரும்பாலானவை அந்தப் போர்க் காலத்தவை. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, தஞ்சாவூர். புழல் ஏரியில்கூடக் கேட்டலினாக்கள் இறங்கின, சென்னைக்காரர்கள் குடிக்கும் அதே தண்ணீரில். போர் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. சூலூரில் இன்று தேஜஸ் நிற்கிறது. உளுந்தூர்பேட்டையில் பழைய கான்கிரீட் கிடக்கிறது. சோழவரம் ஓடுதளத்தில் ஐம்பதுகள் முதல் கார், பைக் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை தென்னிந்தியாவின் பந்தய ரசிகர்களுக்கு அதுதான் கோயில். கொழும்பில் இதற்கு நேர் எதிர்: குதிரைப் பந்தயத் திடலையே 1942-இல் ஓடுதளமாக்கினார்கள். ஜப்பானியர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இன்று அங்கே ஷாப்பிங் மால்.

முதலில் தஞ்சாவூரைத்தான் செய்ய நினைத்தேன், சொந்தச் சதுரம் என்பதால். இரண்டு விஷயங்கள் தடுத்தன. 1942-44இல் அந்தத் தளம் எப்படி இருந்தது என்று சொல்ல என் கையில் ஒரு படம்கூட இல்லை. இன்றைய தளத்தைச் செய்யலாம் என்றால், அது 2013-இல் முழு விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பிரம்மோஸ் சுமக்கும் சுகோய்-30 ஸ்க்வாட்ரன் ஒன்று வந்து இறங்கியது. உயிரோடு இருக்கும் ஒரு படைத்தளத்தின் கொட்டகைகளைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வரைந்து இணையத்தில் வைப்பது பொழுதுபோக்கா, வேறு எதுவுமா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன்.

அப்போதுதான் டொராண்டோவில் இருக்கும் நண்பன் சொன்னான். திருகோணமலைக்காரன். என்னோடு வேலை பார்த்தவன், என்னைப் போலவே சிமுலேட்டர் பைத்தியம். “சீனக்குடாவ நாப்பத்திரண்டில வச்சுச் செய்து பாரன் மச்சான். அதுக்குக் காகிதம் கிடக்கு.”

காகிதம் கிடந்தது உண்மை. 1942 ஏப்ரல் 9 காலை. இந்த முறை ரேடார் முன்கூட்டியே பார்த்துவிட்டது. சீனக்குடாத் தளத்திலிருந்து 261-ஆம் ஸ்க்வாட்ரனின் ஹரிகேன்கள், பதினாறு பதினேழு, மேலே ஏறின. வந்ததோ நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள். ஹரிகேன்களில் ஏறக்குறைய பாதியை இழந்தார்கள். துறைமுகம், தளத்தின் கொட்டகைகள், கடற்படையின் எண்ணெய்க் கிடங்கு எல்லாம் அடி வாங்கின. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய் டாங்கு ஒன்றின் மீதே மோதியது. அது நாட்கணக்கில் எரிந்தது. உருகிச் சரிந்த அந்த இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. அதே நாளில், மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மஸ் மூழ்கியது. விமானந்தாங்கி என்றே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். அன்றைக்கு அதில் தாங்குவதற்கு ஒரு விமானமும் இல்லை. அதன் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் கரையில், சீனக்குடாவில் நின்றன. கப்பலோடு போனவர்கள் முந்நூறுக்கு மேல்.

ஆக, என் சீனக்குடாவில் ஹரிகேன் நிறுத்த வேண்டும், ஸ்வார்ட்ஃபிஷ் நிறுத்த வேண்டும். இதெல்லாம் மூன்று நாள் வேலை. பழைய விமான மாதிரிகளை யார் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். கஷ்டம் அதற்குக் கீழே ஆரம்பித்தது.

நாம் ஸீனரி வைப்பது வெறும் தரையில் இல்லை. ஏற்கெனவே ஒரு தரை இருக்கிறது. அந்தத் தரையின் மேடுபள்ளம் பெரும்பாலும், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த தரவிலிருந்து வருகிறது. ரேடார் மண்ணையும் மரத்தையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்காது. அடர்ந்த தோப்பு இருந்தால் அதைச் சின்ன மேடாகக் குறித்துக்கொள்ளும். என் 1942 ரன்வேயில் ஹரிகேன் ஓடும்போது ஓரிடத்தில் தூக்கிப் போட்டது. இரண்டு நாள் தேடினேன், பிழை என் ஃபைலில் இல்லை. அது 2000-இல் நின்ற ஏதோ மரங்களாக இருக்கலாம் என்பதுதான் கடைசியில் என் ஊகம். தளத்தைச் சமன்படுத்தும் ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுச் சரிசெய்தேன்.

அந்த எண்ணத்தோடு என் சொந்தச் சதுரத்துக்குத் திரும்பிவந்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. +10+079-இன் தரையும் அதே பதினோரு நாளில் அளந்ததுதான். 2004 டிசம்பர் 26-க்கு நாலே முக்கால் வருஷம் முன்பு. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அலை வருவதற்கு முந்தைய மணல்மேடு, முந்தைய தோப்பு, மீட்டர் கணக்கில் சிமுலேட்டருக்குள் இருக்கிறது. ஆனால் அதன் மேல் ஓடும் சாலைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருபவை, அலைக்குப் பிந்தியவை. சுனாமிக் குடியிருப்பின் தெருக்கள், சுனாமிக்கு முந்தைய மண்ணின் மேல். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. கிடைத்த தரவை அடுக்கினால் இப்படித்தான் வரும்.

சீனக்குடாவிலும் அப்படியே. 1942 ஹரிகேன், 2000 மேடு, நேற்று யாரோ வரைந்த சாலை, இன்றைய விமானப்படை அகாடமியின் கட்டடங்கள். சீனக்குடா இப்போதும் படைத்தளம்தான், இலங்கை விமானப்படை தன் விமானிகளைப் பயிற்றுவிக்கும் இடம். என் 1942 தெரிய வேண்டுமென்றால் மற்ற வருஷங்களை மறைக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டு: எக்ஸ்க்ளூஷன் ஸோன். வரைபடத்தில் ஒரு செவ்வகம் இழுக்க வேண்டும். இதற்குள் கட்டடம் வேண்டாம், காடு வேண்டாம், சாலை வேண்டாம் என்று டிக் அடிக்க வேண்டும். சேமித்துவிட்டுத் திறந்தால் அந்தச் செவ்வகம் துடைத்துவிட்ட சிலேட்டு. அதன் மேல் நமக்கு வேண்டியதை வைக்கலாம். எந்த ஸீனரியைச் செய்பவரும் சேர்ப்பதற்கு முன்னால் துடைத்தாக வேண்டும்.

இந்தியப் பாதுகாப்புச் சட்டம் 1939 என்று ஒன்று இருந்தது. போர்த் தேவைக்கு நிலத்தைக் கையகப்படுத்த அதன் விதிகள் அதிகாரம் கொடுத்தன. வரைபடத்தில் ஒரு செவ்வகம், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நோட்டீஸ். நான் மவுஸை இழுத்தபோது இது நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். பின்னால், வேறு எதற்கோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

எண்ணெய் டாங்குகள் இன்னொரு தலைவலி. இன்று அங்கே இருப்பவை 99. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் அவற்றை 14, 24, 61 என்று இந்தியன் ஆயில் துணை நிறுவனத்துக்கும், இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரித்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரே கவலைதான்: 1942 காலை ஏழு மணிக்கு எரிந்த டாங்கும் முழுசாக நின்றிருக்க வேண்டுமே, அதை எங்கே வைப்பது? புவி-அரசியலை இப்படியும் பின்தொடரலாம்.

நான்கு மாதத்தில் ஓரளவு முடிந்தது. ஜிப் செய்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் நிறுவி, வரியை மேலே ஏற்றி, தம்பலகாமம் குடாப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து பார்த்தான். ஹரிகேன்களின் நிறத்தைப் பாராட்டினான். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“எங்கட ஆக்கள் எங்க மச்சான்?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் அம்மப்பா அந்தத் தளத்தில் கூலி வேலை செய்தவராம். தினமும் விடியும் முன் நடந்து போய், மண் சுமந்து, பொழுதுபட்டு வருவார். அன்று காலை குண்டு விழுந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். குடும்பத்தோடு மூதூருக்கு வள்ளத்தில் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் பெயர் கூலிப் பட்டியலில் இல்லையாம். “எத்தின ஹரிகேன் எண்டு உனக்குத் தெரியும். எத்தினை பேர் மண் சுமந்தவை எண்டு எவனுக்குத் தெரியும்?”

பதிவேட்டில் விமானி இருக்கிறார், விமானத்தின் வரிசை எண் இருக்கிறது. ஆவணம் இருக்கிற அளவுக்குத்தான் ஸீனரி இருக்கும் என்பது எங்கள் தொழிலில் நேர்மையான விதி. ஊகித்து எதையும் வைக்கக் கூடாது. அந்த விதியைச் சரியாகப் பின்பற்றியே நான் அவன் அம்மப்பாவைச் செவ்வகத்துக்குள் துடைத்துவிட்டிருந்தேன். அந்த ஆங்கிலத் தளத்தில் ரசித்த கித்தான் நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டு எடுத்தவர்கள் அங்கேயும் இல்லை.

சில மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தேன். லைப்ரரியில் ‘தொழிலாளி’ என்று தேடினால் மஞ்சள் ஹெல்மெட், ஒளிரும் சட்டை போட்ட வெள்ளைக்காரர் கிடைக்கிறார். சும்மாடு கட்டி மண்கூடை சுமக்கும் ஆள் கிடைப்பதில்லை. பிளெண்டரில் நானே ஒன்று செய்தேன். கை சரியாக வரவில்லை, கூடை தலைக்கு மேல் ஒரு விரற்கடை அந்தரத்தில் நிற்கிறது. ஓடுதளத்தின் தெற்கு ஓரத்தில் பன்னிரண்டு பேரை நிறுத்தினேன். எண்ணிக்கை என்னுடையது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஜிப்போடு போகும் குறிப்பு ஃபைலில் அதை எழுதிவைத்திருக்கிறேன்: ஹரிகேன்கள் பதிவேட்டின்படி, கூலியாட்கள் நண்பனின் சொல்படி.

அவனுக்கு இன்னும் திருப்தியில்லை. செருப்பு போட்டிருக்கிறார்களாம். “அந்தக் காலத்தில ஆர் மச்சான் செருப்புப் போட்டவை?” அடுத்த பதிப்பில் கழற்ற வேண்டும்.

போன சனிக்கிழமை ராத்திரி தஞ்சாவூரில் ஒரு ஹரிகேனை ஏற்றினேன். தளம் சிமுலேட்டரோடு வந்தபடியே இருக்கிறது, நான் தொடவில்லை. காவிரியின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்து, காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு வட்டம் அடித்து, தெற்கே திருப்பினேன். அங்கிருந்து திருகோணமலை சுமார் முந்நூறு கிலோமீட்டர், ஹரிகேனுக்கு முக்கால் மணி நேரம். கிளம்புவதற்கு முன் தேதியை ஏப்ரல் 9 என்றும் நேரத்தைக் காலை ஆறரை என்றும் வைத்திருந்தேன். எக்ஸ்-ப்ளேனில் நாளையும் மாதத்தையும் தேர்ந்தெடுக்கலாம். சூரியன் சரியான இடத்தில் உதிக்க அது போதும். வருஷத்துக்கு அதில் கட்டமே இல்லை.

சீனக்குடாவில் இறங்கியபோது ஏழே காலுக்கு மேல். தெற்கு ஓரத்தில் பன்னிரண்டு பேரும் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.